நரைக்குப் பூசிய மருதாணி

"...ஒரு நரைகூடத் தெரியக் கூடாது ஸ்டெல்லா. நாப்பது தாண்டுனவன கம்பெனி கேட்டாண்டயே திருப்பி அனுப்புறானாம்" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் மருதாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். பழைய கம்பெனி மூடியதிலிருந்து அவர் ஏறி இறங்காத கம்பெனி கும்மிடிப்பூண்டியில் இல்லை. தலைக்கு டை போட்டால் அவருக்கு முகம் வீங்கிவிடும், அதனால்தான் மருதாணி. டீத்தண்ணி ஊற்றிக் குழைத்ததும் எழுந்த பச்சை வாடை என்னை அப்பாவிடம் கொண்டுபோய் விட்டது.

அப்பாவுக்கும் இவரைப் போலவே சுருட்டை முடி. இரும்புக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவிடம் தலையைக் கொடுத்தார். நான் கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றேன். "உன் தலைல பூந்த சீப்பு வெளிய வர வழி கேக்குது, ஆடாம குந்துய்யா" என்று அம்மா ஒவ்வொரு சுருளாகப் பிரித்துப் பூசி, பால் கவரை வைத்துக் கட்டினாள். கழுவிப் பார்த்தால் கறுப்பு முடி கறுப்பாகவே இருந்தது. நரை மட்டும் செங்கல் நிறமாகி, ஊருக்கே தன்னைக் காட்டிக்கொடுத்தது.

கேட்டில் மேஸ்திரி, "இன்னா நைனா, தலை பத்திக்கினு எரியுது, தண்ணி ஊத்தவா?" என்றாராம். வரிசையே சிரித்ததாம். அப்பாவும் கூடச் சிரித்துவிட்டு வந்து மொட்டை அடித்துக்கொண்டார். அப்புறம் எந்தக் கம்பெனிக்கும் வேலை கேட்டுப் போகவில்லை.

இதை இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இதுல கறுப்பு வராதுய்யா" என்று மட்டும் சொன்னேன்.

"வரும், நீ பூசு" என்றார். சட்டையைக் கழற்றிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தலையைக் குனிந்து கொடுத்தார்.