லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம்

துவாக்குடியில் ஆன்சி வேலை பார்க்கும் மின் சோதனைக்கூடம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தும் அவள் படியேறித்தான் போவாள். பத்தாவதோடு வெல்டர் வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைத்த அண்ணன் ஸ்தனிஸ்லாஸ், "எங்க வீட்டு இன்ஜினியருக்கு லிஃப்ட்னா ஆகாது" என்று கைலாசபுரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். காரணம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்து மருத்துவமனை ஒன்றில் ரங்கநாயகி என்ற அம்மாளுக்கு மருந்து ஏற்றிய பம்பு, லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் சத்தமில்லாமல் நின்றிருக்கிறது. அம்மாள் பிழைத்தார். மகளைத்தான் இன்னும் அடையாளம் தெரியவில்லை. லிஃப்ட் மோட்டார் போன்றவை மின்கம்பி வழியே அனுப்பும் மின் இரைச்சலை அந்த ரகப் பம்பு தாங்கும் என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் ஆன்சி. அதே பம்புகள் வேறு பல வார்டுகளிலும் ஓடிக்கொண்டிருந்தன.

சோதனைக்காகப் பம்புக்குள் அவர்களே ஓர் இரைச்சலைச் செலுத்துவார்கள். அதன் திறனை அளக்கும் சென்சார் பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே, என்றோ யாரோ குறித்து வைத்த இடத்தில் குமிழைத் திருகிவிட்டு, சரியாகத்தான் போகும் என்று நம்புவது அங்கே வழக்கம். இரைச்சலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கோ வயதாகிவிட்டது; அதே குறியில் இன்னும் அதே பலம் வருகிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

புது சென்சார் வாங்கும் பேச்சு வந்தபோது மேலாளர் ரத்தினவேல் ஒன்றைக் காட்டினார்.

"பதினெட்டு கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பார்க்கும்மா."

"கீழே எங்க சார் ஆரம்பிக்குது?"

கண்ணாடியை இறக்கிவிட்டுத் தேடினார். "பத்து மெகா."

"அப்ப பழைய குருடுதான், புதுச் சட்டை போட்டிருக்கு. நம்ம சோதனை அதுக்கும் ரொம்பக் கீழே, நூத்தம்பது கிலோஹெர்ட்ஸ்லயே ஆரம்பிச்சிடுது. ஒன்பது கிலோவுலேர்ந்து அளக்கிறது ஒண்ணு இருக்கு. மேல ரொம்ப எட்டாது. நமக்கு எட்டவும் வேண்டாம்."

"பழைய ரிப்போர்ட் தப்புன்னு ஆச்சுன்னா? கையெழுத்து உன்னுதும்மா."

"அதுக்குத்தான் சார் கேக்கறேன்."

அவர் அவள் சொன்னதற்கே ஆர்டர் போட்டார்.

சென்சார் வந்தது. பழைய குமிழ்க் குறியில், இருக்க வேண்டிய திறனில் பாதிகூட இல்லை. ஆன்சி அதை உரிய அளவுக்கு உயர்த்தினாள். மேசையில் இருந்த அதே ரகப் பம்பின் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. அலாரம் அடிக்கவில்லை. சொட்டு மட்டும் நின்றுபோனது.

ஆன்சி பம்பு கம்பெனிக்குப் போன் போட்டாள். "நான் கொடுத்த ரிப்போர்ட்டை ரத்து பண்றேங்க. வார்டுல ஓடுறதையெல்லாம் இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க."

சாயங்காலம் அண்ணன் கீழே வண்டியோடு காத்திருந்தார். அவள் படியிறங்கினாள். பக்கத்துச் சுவருக்குள் லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கியது. அது நிற்கும்வரை அவளும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.