முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

நல்ல செய்தி என்றாலே எனக்குப் பயம். கெட்ட செய்தியைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்வேன். அது வந்துவிட்டது, இனி வருவதற்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியாவது அதில் உண்டு. நல்ல செய்தி அப்படியில்லை. கைக்கு வந்து சேரும்வரை எந்த நேரமும் அது திரும்பிப் போய்விடலாம். அதனால்தான் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலியாக இருந்த லைன் லீடர் இடத்துக்கு என்னைத்தான் சிபாரிசு செய்திருப்பதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் ஆர்டர் வரல. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. வெளிய தெரிஞ்சா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது, புரியுதா?" என்றார்.

"ஆங், புரியுது சார்," என்றேன்.

கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்கிற தொழிற்சாலை அது. கனகம்மாசத்திரம் தாண்டி, சென்னைச் சாலையில் இருக்கிறது. முடிந்து வரும் கட்டுகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. எனக்கு அந்த வேலை பிடிக்கும், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஒயரின் முனை பிளக்கில் சரியாக உட்கார்ந்திருந்தால் இழுத்தாலும் வராது. உட்காராத ஒன்றைக் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைக்கும்போது ஒரு திருட்டுச் சந்தோஷம் வரும். யாரோ முன்பின் தெரியாதவருடைய வண்டி நடுரோட்டில் நிற்காமல் நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வேலை பிடித்திருந்தால் மட்டும் போதாதே. நான் ஒப்பந்த ஆள். வருடாவருடம் புதுப்பித்தால்தான் உண்டு. லைன் லீடர் ஆகிவிட்டால் நிரந்தரம். நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யாரிடமும் மூச்சு விடாமல்தான் இருந்தேன். ஆனால் அம்மாவை 'யாரும்' என்ற கணக்கில் நான் சேர்க்கவில்லை. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார். அந்தப் பயத்திலிருந்து அவரை விடுவிக்கத்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்தார். கர்த்தரிடம் சொல்வதில் தப்பில்லை என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

எங்கள் சபையில் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் சாட்சி நேரம் உண்டு. நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். சொல்லி முடித்ததும் எல்லோரும் 'ஸ்தோத்திரம்' என்பார்கள். அம்மா மாதிரி ஆட்களுக்கு ஒரு பழக்கம். கேட்டது கைக்கு வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். வந்துவிட்டது என்று விசுவாசித்து முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவார்கள். வந்தபிறகு நன்றி சொல்ல யாரால்தான் முடியாது என்பது அவர்கள் வாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பக்கத்திலிருந்து எழுந்தபோது, முட்டிவலி குறைந்ததைச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"என் மகள கர்த்தர் லைன் லீடரா உயர்த்திட்டாருங்க. வேலைய நெரந்தரம் பண்ணிட்டாரு," என்றார்.

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். ஏனென்றால் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு விஷயம் தெரிந்தால் அடுத்தவருக்குச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

கம்பெனி வேன் கே.ஜி.கண்டிகையில் ஆள் ஏற்றிக்கொண்டு திருத்தணி வழியாக வரும். அந்த அண்ணன் அங்கேயே ஏறிவிடுவார். திங்கட்கிழமை திருத்தணியில் நான் படியில் கால் வைக்கும்போதே, "மேடம் வராங்க, எடம் விடுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று கிருத்திகை வேறு. மலைக்குப் போகிற காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வேன் நகரவேயில்லை. இறங்கி ஓடவும் வழியில்லை. வெளியே அரோகரா, உள்ளே வாழ்த்து. நான் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்சார்ஜிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்று சொன்னால், அம்மாவிடம் ஏன் சொன்னாய் என்பார். நான் சொல்லவில்லை என்றால் அம்மாவுக்குச் சொன்னது யார் என்பார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

வேனில் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. வீட்டில் விசைத்தறி ஓடுகிற, தெலுங்கு பேசுகிற குடும்பத்துப் பெண். என்னோடு அதே சோதனை மேசையில் வேலை. என்னைவிட இளையவள், எப்போதும் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு வருபவள். அன்று ஜன்னல் பக்கமாகவே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். பொறாமை என்று நினைத்தேன். பாவம், அவளைப் போய் அப்படி நினைத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவளே வந்து என் கையைப் பிடித்து, கை கழுவும் இடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மணவூர் பக்கத்திலிருந்து வருகிற அக்கா ஒருவரும் நின்றிருந்தார். எங்கள் மூவரில் மூத்தவர் அவர்தான்.

"அக்கா, இன்சார்ஜ் உனக்கு எப்ப சொன்னாரு?"

"போன வாரம்."

"எனக்கு தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. உன்னதான் போடப் போறேன், வெளிய மூச்சு விடாதன்னாரு. எங்க நைனாகிட்டகூட நான் சொல்லல," என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

மணவூர் அக்கா அழவில்லை. "எனக்கு அதுக்கும் முன்னாடிம்மா," என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சீக்கிரம் வந்து ஒயர் கட்டும் போர்டுகளைத் தயார் செய்தது யார், ஷிப்ட் முடிந்தும் நின்று புதுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார், கழித்த ஒயர்களுக்கு ரிப்போர்ட் எழுதியது யார் என்று யோசித்தால் எல்லாம் நாங்கள்தான், ஆளுக்கு ஒன்றாக. அடுத்தவள் ஏன் இப்படி மாடாக உழைக்கிறாள் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் நம் ரகசியம் வெளியே வந்துவிடுமே. அம்மா மட்டும் எழுந்து சொல்லாமல் இருந்திருந்தால் இன்சார்ஜ் இப்படியே இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருப்பார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டது. இவ்வளவு சாதாரணமாக இதைச் செய்கிறவர் இன்னும் என்னவெல்லாம் செய்வார்?

மாலையில் இன்சார்ஜ் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"உங்கம்மா அவசரப்பட்டுட்டாங்களேம்மா. விஷயம் மேல வரைக்கும் போயிடுச்சு. ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே சர்ச்சுல அறிவிக்கறதான்னு கேக்கறாங்க. இப்ப வெளியில இருந்து ஒரு ஆள போட்டுட்டாங்க. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்."

மற்ற இருவரைப் பற்றிக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் மேசையிலிருந்த காலண்டரைப் புரட்டினார். "அடுத்த மாசம் உன் காண்ட்ராக்ட் வருதில்ல? அமைதியா இரு. நல்லதே நடக்கும்," என்றார். நான் சரி சார் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேருக்கும் இன்சார்ஜ் அதையே சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னேன். அம்மா காதில் அது ஏறவேயில்லை. "நான் வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா உனக்கு வந்திருக்கும்," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. "சபைக்கு முன்னாடி பொய்ச்சாட்சி சொல்லிட்டேனேடி. கர்த்தர் பேர வெச்சி பொய் சொல்லிட்டேனே." அந்த வாரம் முழுவதும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியும், நானும் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னார்.

வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். அந்த ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பார், மறுநாளே கம்பெனிக்குப் போய்விடும், அமைதியாக இரு என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மாதம் காண்ட்ராக்ட் வருகிறது என்று எல்லாம் சொன்னேன். "கம்பெனிக்கு பயந்து ஆண்டவர்கிட்ட பொய் சொல்ல முடியுமா?" என்றார். அம்மாவின் பயத்துக்கு முன்னால் என் பயம் எடுபடவில்லை.

சாட்சி நேரம் வந்தது. முன் பெஞ்சில் ஒருவர் பேரன் பிறந்ததற்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார். அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பெஞ்சைப் பிடித்து எழப் பார்த்தார். செய்யாத தப்புக்கு இத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நிற்கப் போகிறாரே என்று நினைத்ததும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு நான் எழுந்துவிட்டேன். எழுந்தபிறகுதான் வாழ்நாளில் ஒரு முறைகூட நான் சாட்சி சொன்னதில்லை என்பது ஞாபகம் வந்தது.

"எனக்கு வேலை உயர்வு கெடைக்கலங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. போதகர் காதருகே கையை வைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "போன வாரம் எங்கம்மா சொன்னது பொய் இல்லைங்க. நான் சொன்னத நம்பி சொன்னாங்க. எனக்கு சொன்னவருதான் பொய் சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டு பேருக்கும் அதே மாதிரி சொல்லியிருக்காரு."

ஆண்கள் பக்கத்தில் ஸ்டோர்ஸ் அண்ணன் திரும்பிப் பார்த்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நாளைக் காலை நான் வேனில் ஏறும்முன் இந்தச் செய்தி ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. உட்காரலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரிச் சாட்சிக்கு என்ன சொல்வதென்று அவர்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. போதகர் காணிக்கைப் பையைப் பார்த்தார்.

அப்போது எனக்குக் கீழே, பெஞ்சில் உட்கார்ந்தபடியே, அம்மா தன்னந்தனியாகச் சத்தமாகச் சொன்னார்: "ஸ்தோத்திரம்."