சுருளியம்மாள் வைத்த தீ

சின்னக்கானலுக்கு மேலே உள்ள புல்மலையில் தீ வைப்பது குற்றம் என்று தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மாடு வைத்திருந்த எல்லோரும் வருஷா வருஷம் வைத்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தை மாதத்து உறைபனியில் புல் கருகிச் சருகாகிவிடும். மாடு மோந்துகூடப் பார்க்காது. அதை எரித்துவிட்டால் கொஞ்ச நாளில் சாம்பலுக்குள்ளிருந்து இளம்புல் தலைகாட்டும். தேயிலை நடுவதற்கு மலை மலையாகச் சிரைத்த கம்பெனிக்கு, ஒரு பசுவுக்குப் புல் விட மட்டும் மனம் வராது. அப்புறம் மாடு வைத்திருப்பவர்கள்தான் என்ன செய்வார்கள்?

சுருளியம்மாள் கம்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் காமாலையில் போய்ச் சேர்ந்தான், பிள்ளை இல்லை. பகலெல்லாம் கொழுந்து கிள்ளினாள், மிச்ச நேரமெல்லாம் செவலைப் பசுவோடு பேசினாள். பாலை டீக்கடைக்கு ஊற்றுவாள். கம்பெனி கொடுத்த லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக் குருவம்மாளின் கைக்குழந்தைக்கு மட்டும் சும்மா ஊற்றினாள். குருவம்மாளின் புருஷன் சங்கையாதான் புல்மலைக்குத் தீக்காவல் வாச்சர். அந்தப் பாலை லஞ்சம் என்று யாராவது சொன்னால் சுருளியம்மாள் விளக்குமாற்றை எடுத்துவிடுவாள். பெற்றவளுக்குப் பால் ஊறவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

தீ வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. விடிந்தும் விடியாததுமாக, புல்லில் பனி ஈரம் இருக்கும்போதே, சரிவின் தலையில் வைக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் தீ மெதுவாகத்தான் மேயும். அடிவாரத்துச் சதுப்புக்கு வந்ததும் தானே அவிந்துவிடும்.

எழுபதுகளில் மழை அடுத்தடுத்து ஏமாற்றிய ஒரு வருஷத்து மாசியிலும் சுருளியம்மாள் வைத்த தீ அப்படித்தான் அவிந்தது. தூரத்துப் பாறைமேல் நின்ற சங்கையா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுருளியம்மாள் கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள். ஆனால் சதுப்பு மேலுக்குத்தான் பச்சையாக இருந்தது. உள்ளே வேரும் மக்கலும் காய்ந்து கிடந்தன. தீ அதற்குள் புகுந்து, புகை காட்டாமல் கனன்றுகொண்டே இருந்தது.

மறுநாள் உச்சிப் பொழுதில் போடிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. உதட்டை வெடிக்க வைக்கிற வறட்டுக் காற்று. சதுப்பின் அக்கரையில் தீ குபீரென்று எழுந்தது. சங்கையா பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு, அடித்து அணைக்கத் தனியாளாக இறங்கினான். கொழுந்துக் காட்டிலிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் காற்று அவன் பக்கம் திரும்பிவிட்டது. தூக்கி வந்த உடம்பைக் குருவம்மாளிடம் காட்டவே இல்லை.

வேலையில் செத்தவனின் பெண்டாட்டிக்கு அவன் வேலை கிடைக்கும், லயத்து வீடும் நிலைக்கும். கம்பெனிக்கு அது வீண் செலவு. ஆகவே சங்கையா பீடி குடித்துப் போட்ட நெருப்புதான் மலையை எரித்தது என்று ஆபீஸில் முடிவு கட்டினார்கள். குருவம்மாள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். சங்கையா வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை.

சுருளியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் தன் வேலையும் வீடும் போகும், பசுவையும் விற்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பச்சைக் குழந்தை தெருவில் நிற்கும். யோசித்து யோசித்து, ஒரு காலையில் குருவம்மாளின் கையைப் பிடித்து ஆபீஸுக்குக் கூட்டிப் போனாள். "நீ இங்கனயே இரு புள்ள, நான் பேசிட்டு வாரேன்" என்று அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"தொரைகளே, தீ வச்சது நாந்தேன். மாட்டுப் புல்லுக்காக வச்சேன். சங்கையா மேல ஒரு பாவமும் இல்லை. அவன் அணைக்கப் போயி செத்தவன்."

மலையாளத்துக்கார மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை பவுல்ராஜ், வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினான். அவளுக்கு அது புரியவில்லை.

"நீ தீ வைக்கிறது சங்கையாவுக்கு அறியுமோ?" என்றார் மேனேஜர், ரொம்பப் பதமாக.

செத்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வாய்த்ததே என்று அவள் ஓரடி முன்னால் வந்தாள். "தெரியாமலா தொரை? வருசா வருசம் பாத்துட்டுத்தான் இருந்தான். வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு கண்டும் காணாம விட்டுருவான். அப்படி ஒரு நல்ல மனுசன்."

மேனேஜர் தலையை ஆட்டினார். "அப்போ தீ வைக்க விட்டது காவல்காரன்தான்" என்றார் பவுல்ராஜிடம். "ரெண்டு வீடும் காலி."

சுருளியம்மாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். காலில் விழுந்தாள். பவுல்ராஜ்தான் அவளைத் தூக்கிவிட்டு வெளியே கொண்டுவந்து விட்டான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

வாசலில் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியபடி குருவம்மாள் எழுந்தாள். புருஷன் போனபிறகு அன்றுதான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது.

"என்னக்கா சொன்னே?"

"உம் புருசன் நல்லவன்னு சொன்னேன்."

"அதுக்கு அவுக என்ன சொன்னாக?"