சூடம் காட்டிய பஸ்

என் அக்காவுக்கு மூச்சிழுப்பு. செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்கு வெளியே இருந்த கையுறைத் தொழிற்சாலைக்கு நாங்கள் போய்வந்த பஸ்ஸில், இன்ஜின் புகை தரைப்பலகை வழியாகவே உள்ளே ஏறும். அக்கா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வண்டியை மாற்றச் சொல்லி பஸ் முதலாளியை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். வேலையை விட அவளுக்கு மனமில்லை. வீட்டில் அவள் பேச்சு எடுபட்டதே அந்த வேலையால்தான்.

முதலாளி நம் ஆள், தமிழர். அதனால்தான் நம்பித் தொலைத்தோம். தீபாவளி முடிந்ததும் புது பஸ் வரும் என்றார், வந்தது. பளபளவென்று வெள்ளைச் சாயம், புது சீட் உறை, கண்ணாடியில் முருகன் படம். எங்களோடு வேலைக்கு வரும் பெண்கள் சும்மா விடுவார்களா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அக்கா கையாலேயே சூடம் காட்டவைத்தார்கள். முதலாளி, தனக்குப் போட்ட மாலையைக் கழற்றாமல் நின்று சிரித்தார். இன்ஜின் மூடியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. சூடம் காட்டிவிட்டால் எங்கள் சனத்துக்குக் கிழட்டு இரும்பும் புதுசுதான்.

அன்றைக்கே, மெர்போக் சாலை மேட்டில் ஏறியதுமே புகை குபுகுபுவென்று வந்தது. டவுனுக்குள் புகைவிடும் வண்டிகளை அதிகாரிகள் பிடிக்கிறார்கள் என்று முதலாளி அங்கே புது பஸ் விட்டிருந்தார். அங்கே கழித்துப்போட்டதுதான் சாயம் பூசிக்கொண்டு எங்களிடம் வந்தது என்று டிரைவரே பிறகு சொன்னார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள்.

"அண்ணே, கிளினிக்குக்குத் திருப்புங்க!" என்று கத்தினேன்.

காலையில் அக்கா கையால் திருநீறு வாங்கிப் பூசிய ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள்: "கம்பெனில கேட்டை மூடிருவான்லா. மொதல்ல எங்கள எறக்கி விடுங்கண்ணே."

டிரைவர் அப்படியே செய்தார். எல்லோரும் இறங்கிய பிறகுதான் அக்காவுக்குக் கிளினிக். உயிர் தப்பினாள்.

மறுவாரம் முதலாளியை வழிமறித்து, ஏன் ஏமாற்றினீர்கள் என்று அக்கா கேட்டாள். "ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னா பஸ் என்னம்மா செய்யும்? வீட்ல இரு லா" என்றார். அவள் பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். இருக்கிற பஸ்ஸும் போய்விடுமே என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாய்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அக்கா வேலையை விட்டாள். அடுத்த நாள் காலை முதலாளி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இப்ப எல்லாருக்கும் ஒக்கார எடம் இருக்குலா" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். திருநீறு வாங்கியவள் நகர்ந்து, அக்காவின் ஜன்னலோரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.