காம்போசிட் கணக்குக்கு ஆள் பிடித்த கதை

பூட்டு விற்கலாம், புகையிலை விற்கலாம். பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் போய்க் கணக்குப் பாடத்தை விற்பதுதான் திண்டுக்கல்லிலேயே கஷ்டமான வியாபாரம். பத்தாம் வகுப்பான ஐந்தாம் பாரம் போகிற வருஷம் ஒரு வாரம் அந்த வியாபாரம் பார்த்தவள் நான். என்ன பாடம் எடுப்பது, எத்தனை எடுப்பது என்று வீட்டார் கூடிப் பேசியபோது கதவோரம் நின்று கேட்டவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இது புரியும்.

ஆறு மெஷின்

எல்லாருக்கும் பொதுவான சாதாரணக் கணக்கு போக, விரும்பினவர்களுக்குக் ‘காம்போசிட்’ கணக்கு என்று ஒரு பெரிய பாடம் உண்டு. அது இல்லாமல் கல்லூரியில் கணக்கு இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்க முடியாது. எங்கள் பெண்கள் பள்ளியில் அது கிடையாது, தையலும் சமையலும்தான். பையன்கள் கேட்காமலே அவர்களுக்குக் கொடுக்கிறார்கள், நாங்கள் கேட்டும் ஏன் இல்லை என்று தலைமையாசிரியை அறையில் அரைமணி நேரம் நின்று கேட்டேன். அந்த அம்மாள் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் பத்துப் பேர், பெற்றோர் கையெழுத்தோடு. அப்படியானால் பையன்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற, ஊரே அறிந்த கணக்கு வாத்தியாரைப் பிடித்து வகுப்பைத் திறக்கிறேன் என்றார். ஒன்பது பேர் வந்தால்? வகுப்பு இல்லை.

தையலுக்கும் இப்படித்தான் தலை எண்ணினீர்களா என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“ஆறு மெஷின் வாங்கிப் போட்டாச்சு. அதுல உக்கார ஆறு பேரை விட்டுட்டு, மத்தவங்களை நீயே கூட்டிக்கிட்டுப் போ.”

சொந்த வீட்டு வியாபாரம்

வகுப்பில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர் கை தூக்கினோம். கை தூக்குவது சுலபம், அப்பாக்கள் கையெழுத்துப் போடுவதுதான் பாடு. என் அப்பா தபாலாபீஸ் குமாஸ்தா. அண்ணனுக்கு வராத கணக்கு உனக்கு வருமா என்று ஆரம்பித்தார். அண்ணனுக்கு வராதது அண்ணனுடைய குறை, கணக்கின் குறையல்ல, என் குறை எப்படி ஆகும் என்று நான் மூன்று பக்கமாகப் பிரித்து விளக்கினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இவளைக் கட்டுறவன் பாவம்” என்றாள். அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“இப்படி வாதாடுறவ வக்கீலுக்குல்ல படிக்கணும், கணக்கு எதுக்கு? இந்தா கையெழுத்து. செத்த நேரம் பேப்பர் படிக்க விடு.”

பேகம்பூரில் ஒரு குறுக்கு விசாரணை

மற்ற ஏழு வீடும் எப்படியோ ஒப்பின. ஒன்பதாவதுக்கு ஜைபுன்னிசா. எங்கள் வகுப்பிலேயே மனக்கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை. ஆனாலும் அவள் கை தூக்கவில்லை. அவள் அத்தா தோல் வியாபாரி. வெள்ளிக்கிழமை பேகம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீயும் முறுக்கும் கொடுத்து, “எனக்கொண்ணும் இல்லம்மா, உள்ளே கேட்டுக்க” என்று ஒதுங்கிவிட்டார். உள்ளே, திரைக்கு அந்தப் பக்கம், ஜைபுன்னிசாவின் அம்மா.

“வாத்தியார் ஆம்பளையா, பொம்பளையா?”

“ஆம்பளைதாங்க. ஆனா வயசானவர்.”

“எம்புட்டு வயசு?”

“அறுபது இருக்கும்.”

“கண்ணு தெரியுமா?”

பெண் சமத்துவம் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை. கண்ணாடி போட்டால் தெரியும் என்று உள்ளதைச் சொன்னேன்.

“அப்பச் சரி. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வரச்சொல்லு. ஏங்க, கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

ஆத்தூர் உரம்

பத்தாவது ஆள் பேச்சியம்மாள், ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனபோது அவள் அப்பா கத்தரிக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தார். “காம்போசிட் எடுக்க உங்க சம்மதம் வேணுங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கம்போஸ்டா? நல்ல படிப்புல்ல. விவசாயம் சொல்லிக் குடுக்க வர்ற கிராம சேவக்கும் குழி வெட்டு, குப்பையைப் போட்டு மூடுன்னு அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.” பேச்சி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் வாய் திறக்கவில்லை. பேனா மையைத் தடவிக் கைநாட்டு வைத்தார். பத்து.

பஸ் வருகிற வரை நின்றேன். பஸ் வந்தது, ஏற மனசு வரவில்லை. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசிவிட்டு, பேச வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டேனே. அவர் கைநாட்டை அடிக்கச் சொன்னால் பத்துப் பேருக்கும் வகுப்பு போகும். தெரிந்தேதான் திரும்பி நடந்தேன். “அது உரம் இல்லைங்க, கணக்கு” என்றேன். அவர் மடையை அடைத்து, அடுத்த பாத்திக்குத் தண்ணியைத் திருப்பிவிட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“அதானே பாத்தேன். நம்மகிட்டயே மூணு கம்போஸ்டு குழி கெடக்கு, அதைப் படிக்க இந்தப் புள்ள திண்டுக்கல்லுக்கு எதுக்குப் போகணும்னு கொடஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கணக்குன்னா போகட்டும் ஆத்தா, அது நம்ம தோட்டத்துல வெளையாதுல்ல.”

வகுப்பு திறந்தது. வாத்தியார் கண்ணாடியோடுதான் வந்தார். பேகம்பூருக்கு அந்தச் செய்தியை யாரும் கொண்டுபோகவில்லை. இன்று பல்கலைக்கழகத்தில் கணக்கே பாடமாகப் படிக்கிற நான் எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும், என் வாதத்தால் விழுந்த கையெழுத்து பூஜ்யம், அவர்கள் பெரிய மனசால் விழுந்தது பத்து என்றுதான் விடை வருகிறது.