மோஸில் நான் மெழுகிய சுவர்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நீங்கள் அகப்பட்டீர்கள், கேளுங்கள்.

சுவிஸில் நான் வேலை செய்து ஓய்வு பெற்ற பேர்ண் வைத்தியசாலைச் சமையலறைப் பெண்கள் ஆண்டுக்கொரு தடவை சுற்றுலா போவார்கள், என்னையும் விடாமல் கூப்பிடுவார்கள். இந்தமுறை ஒரு புல்மண் வீடு. 'மோஸ்' என்று சொல்லும் பழைய சதுப்பு நிலத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம், கோப்பியும் கேக்கும் உண்டாம். கேக் என்ற சொல்லுக்குப் பிறகு நான் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரிக்கு வேறென்ன ஆசை? பஸ்ஸால் இறங்கியபோதும் ஒன்றும் உறைக்கவில்லை. வாகனத் தரிப்பிடம், கழிவறை, ரிக்கெற் விற்கிற சின்னக் கூடு எல்லாம் புதிது. குனிந்து வாசலுக்குள் தலையை நீட்டினேன். ஈர மண்ணும் பழைய புகையும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. கால் அப்படியே நின்றுவிட்டது.

நான் அந்த வீட்டில் குடியிருந்தவள்.

வீட்டின் கதையை வழிகாட்டிப் பிள்ளை அழகாகச் சொன்னாள். சதுப்பு நிலத்தை வற்றவைத்த காலத்தில் அடுப்பெரிக்கிற கரிமண் வெட்டிப் பிழைக்க வந்த ஏழைகள் கட்டினார்களாம். மரத்துக்கும் கல்லுக்கும் வழியில்லாமல், புல்லோடு நிலத்தை வெட்டியெடுத்துச் செங்கல் மாதிரி அடுக்கினார்களாம். பாதி வீடு நிலத்துக்குள், கூரையிலும் புல். அவர்கள் போனபிறகு ஒரு பண்ணைக்காரர் உருளைக்கிழங்கு போட்டு வைத்தார், அதற்குப் பிறகு வீடு வெறுமையாகக் கிடந்தது என்று முடித்தாள். வெறுமையாம்! கிழங்குக்குப் பிறகு அதில் கிடந்தது நாங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி முகாமில் இடமில்லை என்று கெமைண்டேக்காரர், அதாவது ஊர்ச்சபை ஆட்கள், எங்களை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். இவர், நான், மூன்று மாதக் கைக்குழந்தை. "பனி முடிய இடிக்கப் போகிறோம், அதுவரை சமாளியுங்கள்" என்று அலுவலர் சாவியை நீட்டினார். கிழங்கையாவது சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

கார்த்திகைக் காற்று சுவரின் வெடிப்புகளால் நுழைந்து தொட்டிலுக்கு மேலால் போனது. பிள்ளை இருமத் தொடங்கினான்.

"இஞ்சேருங்கோ, சளி நெஞ்சிலை இறங்கிட்டுது. இந்தக் காத்தை அடைக்காட்டி நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டிலை போய் நிப்பன்" என்றேன்.

இவர் கெமைண்டேக்குப் போய் ஒரு பொலித்தீன் விரிப்போடு வந்தார்.

"இவ்வளவுந்தானோ தந்தவங்கள்?"

"ஓம். நன்றி சொல்லிப்போட்டு வாங்கிக்கொண்டு வந்தனான்."

இவருடைய அந்த நன்றி எனக்கு வாழ்நாள் முழுக்க எரிச்சல். உதைத்தாலும் நன்றி சொல்லுகிற மனுசன்.

அடுத்த பண்ணையில் ஹன்னி என்றொரு பெண் இருந்தா. வாளியோடு போய் மாட்டைக் காட்டி, நிலத்தைக் காட்டி, சாணம் கேட்டேன். "இந்தக் குளிருக்குள் பூந்தோட்டமா போடப் போகிறாய்?" என்று சைகையால் கேட்டு, சிரித்துச் சிரித்துத்தான் அள்ளிப் போட்டா. ஊர்ச் சாணம் கையில் நிற்கும். இந்த நாட்டுச் சாணமோ கூழ். களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் அடுப்புச் சாம்பலும் போட்டுப் பிசைந்து, ஊறவிட்டு, திரும்பப் பிசைந்து ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவர எனக்குப் பெரும் பாடாகிவிட்டது. வெடிப்புகளை அடைத்து, தொட்டில் பக்கச் சுவர் முழுவதையும் மெழுகினேன், நிலத்தையும் மெழுகினேன். நான் இடக்கைக்காரி. இடக்கையால் மெழுகாதே என்று அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருப்பேன்! மற்றவர்கள் மெழுகினால் விரல் தடம் ஒரு பக்கம் வளையும், நான் மெழுகினால் மறுபக்கம் வளையும். அங்கே குட்ட ஆளில்லை, ஆசை தீர மெழுகினேன். காற்று நின்றது. இருமலும் மெல்ல மெல்ல நின்றது.

அப்போதுதான் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. நான் செய்த வேலையைக் கேளுங்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், வீடு துப்புரவாக இருக்கவேண்டுமே என்று விடிய எழும்பி, புதுச் சாணம் வாங்கிவந்து, நிலத்தையும் சுவரையும் இன்னொரு பூச்சு மெழுகினேன். பொங்கலுக்கு மெழுகுகிற மாதிரி. ஈரம் காயமுதல் வந்துவிட்டார்கள், அந்த அலுவலரும் பிள்ளைகள் நலன் பார்க்கிற ஒரு அம்மாவும். அம்மா லேஞ்சியால் மூக்கைப் பொத்தினா. நான் பல்லைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினேன். எவ்வளவு பெருமை எனக்கு! 'மாடு', 'பிள்ளை' என்ற இரண்டு சொல்லும் அவர்கள் பேசிய டொச்சில், அதுதான் ஜெர்மன் பாசையில், விளங்கின, மிச்சம் விளங்கவில்லை. ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை.

மொழிபெயர்க்க ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சுவரில் மாட்டு மலம் பூசுகிற வீட்டில் குழந்தை இருக்கக்கூடாது. தாயும் பிள்ளையும் வேறொரு பட்டினத்தில் இருக்கிற தாய்மார் விடுதிக்கு, தகப்பன் ஆண்கள் முகாமுக்கு. வந்து பார்ப்பதென்றால் அனுமதி எடுக்கவேண்டும். எல்லாம் பிள்ளையின் சுகத்துக்காகத்தானாம். இவர் அன்றைக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை. "நான் என்ன குற்றம் செய்தனான்?" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு நின்றார். பெடியன் அதை மொழிபெயர்க்கவில்லை.

நாங்கள் போனதும் அருவருப்பில் அந்தச் சுவருக்குப் பலகை அடித்து மூடினார்கள் என்று அப்போதே ஹன்னி சொல்லிக் கேள்வி. இடிப்பதற்கு முன்னர் யாரோ பழம்பொருள் பிரியர்கள் வந்து வீட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். பலகையைக் கழற்றியபோது உள்ளே பூச்சு அப்படியே இருந்ததாம். இப்போது அதற்கு முன்னால் கயிறு கட்டி, விளக்கும் போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கப் பலகையும் வைத்திருக்கிறார்கள்.

வழிகாட்டிப் பிள்ளை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "முதற்குடிப் பெண்களின் கைவேலை இது. சாணம், களிமண், வைக்கோல். என்ன அறிவு, என்ன அன்பு! இந்தப் பூச்சுத்தான் அவர்களுடைய குழந்தைகளைக் குளிரிலிருந்து காப்பாற்றியது."

விரல் தடங்கள் எல்லாம் மறுபக்கம் வளைந்திருந்தன.

"இது என்னுடைய கை" என்றேன்.

அவள் இனிமையாகச் சிரித்தாள். "உங்கள் நாட்டிலும் இப்படித்தான் செய்வீர்களா? எவ்வளவு அழகான ஒற்றுமை."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் இடக்கையைச் சுவரில் வைத்தேன். வாதம் பிடித்த விரல்கள், முன்னைப்போல விரிய மறுத்தன. "தொடவேண்டாம், பிட்டே, தயவுசெய்து" என்றாள். கூட வந்த வ்ரெனி, பாவம், என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கோப்பி ஆறுகிறது என்றாள். நான் அசையவில்லை. இத்தனை வருசம் இந்த நாட்டுச் சட்டிபானையோடு மாரடித்துப் பழகிய டொச்சில், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக்காரி செய்தால் அறிவு, நான் செய்தால் ஊத்தையா என்றும் கேட்டேன். வழிகாட்டிப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டைப் பராமரிக்கிற சங்கத்துக்குச் சொல்லுகிறேன் என்றாள்.

"சொல்லு. இதைப் பூசியதற்காக ஒரு தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரித்தார்கள் என்று அந்த விளக்கப் பலகையில் எழுதச் சொல்லு. அதை விட்டுவிட்டு எனக்கு நன்றி கின்றி எழுதினால் நானே வந்து பிடுங்கி எறிவேன்" என்றேன். கேக் தின்னாமல் பஸ்ஸில் போய் இருந்துவிட்டேன்.

சுவருக்கு இப்போது கூரை இருக்கிறது, காவல் இருக்கிறது. ஹன்னியும் இல்லை, ஹன்னியின் பண்ணையும் இல்லை. இவர் போய் இரண்டு வருசமாகிறது. பிரித்துவைத்த எங்களை அடுத்த வருசம் சேர்ந்திருக்க விட்ட நாளில் நல்ல ஆடி வெயில். இவர் விடுதி வாசலில் வந்து நின்றார். மகன் கதிரையை விட்டுவிட்டுக் குடுகுடுவென்று நடந்துவந்து, ஆரோ ஒருவரைக் கண்டவன் மாதிரி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவன் நடக்கத் தொடங்கி அப்போது ஒரு மாதத்துக்கு மேல்.

"எப்ப நடக்கத் தொடங்கினவன்?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து நான் வேறென்ன சொல்ல? "இப்பத்தான். உங்களைக் கண்டிட்டுத்தான் நடக்கிறான்" என்றேன்.

சாகும்வரை அதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். "என்னைக் கண்ட உடனைதான் நடந்தவன், அவளைக் கேட்டுப்பாருங்கோ" என்பார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். இப்போது என்னைக் கேட்க ஒருவரும் இல்லை.