‘குப்பை’ என்ற ஃபோல்டர்

டயர் கடைக்கு மேல்மாடியில், சுவரெங்கும் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருந்த அறையில்தான் சுருதி அண்ணனை முதலில் பார்த்தேன். பேருந்து ஹாரன் அடித்தாலும் என்ன சுருதி என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தப் பெயர். விளம்பரங்களுக்கும் பள்ளி ஆண்டுவிழாக்களுக்கும் இசை போட்டுக்கொடுப்பது அவர் தொழில்.

“பழைய கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு தம்பி, ஆன் பண்ணா இருமுது. எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திட்டு, பழசைத் துடைச்சுக் கீழே டயர் கடைக்குக் கொடுத்துடு. நீ இதுக்குன்னே படிச்சவனாமே?”

“பட்டமே அதுலதாண்ணா.”

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்த காலம் அது.

அண்ணன் கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டார். பெண்குரல் ஒன்று “ஆ” என்றது. மெல்லத் தொட்டால் முணுமுணுப்பு; ஓங்கி அழுத்தினால் அறை நிறைந்தது.

“யாருண்ணா இது?”

“உங்க அண்ணிதான்.”

மூலையில் இருந்த அண்ணி சிரித்தார். சத்தம் வரவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். டாக்டர் தேதி குறித்தபின் மிச்சமிருந்த பதினோரு நாட்களில், இருபத்து நான்கு சுரங்களை மூன்று மூன்று விதமாகப் பாடவைத்து அண்ணன் பதிவு செய்திருந்தார். அதன்பிறகு எந்த வேலையிலும் அந்தக் குரலை ஓரிடத்திலாவது நுழைத்துவிடுவார். “சிமென்ட்டுக்கு எதுக்குய்யா தாலாட்டு?” என்று ஒருவர் கேட்டதற்கு, “சுவரும் தூங்கணும்ல!” என்றாராம்.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் வேலையில் இறங்கினேன். ‘அண்ணி.sfz’ என்றொரு ஃபைல், பன்னிரண்டு கேபிதான். இத்தனை சின்னதில் இத்தனை குரலா என்று வியந்து, பத்திரமாக மாற்றினேன். பக்கத்தில் ஆறு ஜிபிக்கு ஒரு ஃபோல்டர், பெயர் ‘குப்பை’. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை; குப்பைதானே என்று மாற்றாமல் விட்டேன். பழையதை முழுதாகத் துடைத்து, அதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, டயர் கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் அண்ணன் கட்டையை அழுத்தினார். நிசப்தம். திரையில் எழுபத்திரண்டு வரிகள்; ஒவ்வொன்றின் முடிவிலும் ‘கிடைக்கவில்லை’. ஒரு வரி விடாமல் படித்தார்.

“அந்தச் சின்ன ஃபைல்ல குரல் கிடையாது தம்பி. எந்தக் கட்டைக்கு எந்தச் சத்தம்னு எழுதி வச்ச பட்டியல், அவ்வளவுதான். குரலெல்லாம் ‘குப்பை’யில இருந்துச்சு. ஏட்டுச் சுரைக்காய்னு சொல்வாங்களே, அதைத்தான் பத்திரமா எடுத்துட்டு வந்திருக்கே.”

“குரலுக்குப் போய்க் குப்பைன்னு ஏண்ணா பேரு வச்சீங்க?”

“நான் எங்கே வச்சேன்? கடைசி நாள் பாடி முடிச்சுட்டு, ‘இந்தக் குப்பையை எங்கே கொட்டப்போறீங்க’ன்னு உங்க அண்ணி கேட்டா. அவ பேசின கடைசி கிண்டல். அதையே பேராப் போட்டேன்.”

அண்ணி ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்: ‘சாப்பிட்டியா தம்பி?’ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டயர் கடையிலிருந்து அந்த டிஸ்க்கை வாங்கி ஒன்பது நாள் தோண்டினேன். இரண்டு சுரங்கள் மீண்டன. அதிலும் ஒன்று பாதியில் அறுந்தது.

அண்ணன் இப்போதும் அதே மாடியில்தான் வேலை செய்கிறார். பெண்குரல் தேவைப்பட்டால் கடையில் விற்கிற குரலை வாங்கிப் போடுகிறார். சிமென்ட் விளம்பரங்களில் அதுகூட இருப்பதில்லை.